தாதா மட்டும்தானா மும்பைத் தமிழன்?

கடந்த சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் எங்கள் வீட்டில் படம். தியேட்டருக்குப் போவதில்லை. வீட்டுக் கூடத்திலேயே பார்த்து விடுகிறோம். கூடம் என்று எழுதி விட்டேனே தவிர, டோம்பிவிலியில் எங்கள் வீட்டுக்குக் கூடம், படுக்கை அறை, சாப்பாட்டு அறை, விருந்தினர் அறை எல்லாம் ஒன்றுதான். பின்னால் ஒரு சமையல் அறை. அந்த ஓர் அறையில் நான், மனைவி, மகன், சில வாரம் அம்பர்நாத்தில் இருந்து வரும் மகளும் பேத்தியும், எப்போதும் தவறாமல் வந்து சேரும் எதிர்வீட்டு அண்ணாச்சி. இத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

படம் முடிந்த பிறகு ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொல்வார்கள். அந்த அபிப்பிராயங்களைக் கேட்கக் கேட்க எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதை நம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

நான் 1981-ல், 20 வயதில், நெல்லைச் சீமையில் இருந்து இந்த ஊருக்கு வந்தவன். அப்போது இது பம்பாய். கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா வேலை. தமிழ்ப் படம் பார்க்க வேண்டும் என்றால் மாட்டுங்காவில் அரோரா தியேட்டருக்குப் போக வேண்டும். டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்த நாட்களும் உண்டு. பிறகு வீடியோ வந்தது. சாலில் குடியிருந்த 10, 12 தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு 5 ரூபாய் போட்டு, வீடியோ பெட்டியையும் கலர் டி.வி.யையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்போம். ஒரே இரவில் மூன்று படம். விடிந்ததும் சிவந்த கண்களுடன் ரயில் ஏறுவோம். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போட்ட காலமும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மொழியாகப் போய்த் தமிழின் முறை வருவதற்குள் வாரங்கள் பல உருண்டு விடும். 1993 ஏப்ரல் 14-ந் தேதி, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கிய பிறகுதான் தமிழ்ப் படம் என்பது நம் வீட்டில் தினசரிச் சாப்பாடு போல ஆனது.

இப்போது ஓ.டி.டி. வந்து விட்டது. திருநெல்வேலியில் என் தம்பி தியேட்டரில் பார்த்த படத்தை ஒரு மாதம் கழித்து நான் டோம்பிவிலியில் தரையில் கால் நீட்டிப் பார்க்கிறேன். இது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. குறை இல்லாமலும் இல்லை. குக்கர் விசில் அடித்தால் படம் நிற்கிறது. பேத்தி அழுதால் படம் நிற்கிறது. பாட்டு வந்தால் மகன் தாண்டிப் போய் விடுகிறான். தியேட்டரில் இருட்டு இருந்தது. அழுதால் யாருக்கும் தெரியாது. வீட்டில் குழல் விளக்கு எரிய, மனைவி மக்கள் முன்னால் கண்ணைத் துடைத்துக் கொள்வது எனக்கு இன்னும் பழகவில்லை.

அப்படிக் கண்ணைத் துடைத்துக் கொண்ட படம் "மெய்யழகன்". 2024-ல் வெளிவந்தது. "96" எடுத்த பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போய் விட்ட அருள் (அரவிந்த்சாமி), 22 வருடம் கழித்து ஒரு தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒரு வாலிபர் (கார்த்தி) "அத்தான், அத்தான்" என்று காலைச் சுற்றி வருகிறார். உபசரிப்பு என்றால் அப்படி ஓர் உபசரிப்பு. ஆனால் அந்த வாலிபர் யார், அவர் பெயர் என்ன என்பது அருளுக்கு நினைவு இல்லை. கேட்கவும் கூச்சம். கடைசிப் பஸ் போய் விட, அவர் வீட்டிலேயே தங்கி, பெயர் தெரியாத வெட்கத்தில் விடியும் முன் சொல்லாமல் கிளம்பி விடுகிறார். கதை இவ்வளவுதான்.

இந்தக் கூச்சத்தை நான் அனுபவித்து இருக்கிறேன். ஊர்க் கொடைக்குப் போனால், "என்னைத் தெரியுதா, சித்தப்பா?" என்று கேட்டு நிற்கும் முகங்கள். தெரியாமலே, "தெரியாம இருக்குமா?" என்று சொல்லிச் சமாளித்து இருக்கிறேன். தஞ்சாவூரில் இருந்து சென்னைக்குப் போனவருக்கே இந்தக் கதி என்றால், 44 வருடமாக மராட்டிய மண்ணில் இருக்கும் நம் கதி என்ன?

படத்தின் பாதியில் என் மகன் கேட்டான்: "அப்பா, அத்தான்னா ஜீஜாஜிதானே?" அவனுக்கு இப்போது 29 வயது. கணினிக் கம்பெனியில் வேலை. மராத்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அக்காள் கணவர் அத்தான், அத்தை மகன் அத்தான், மாமன் மகனும் அத்தான், கட்டிய கணவனையும் அத்தான் என்பது உண்டு என்று நான் விளக்கினேன். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பேரா?" என்று சிரித்தான். படத்தை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் எங்கள் வீட்டு உறவுமுறை வகுப்பு நடந்தது. அண்ணாச்சியும் சேர்ந்து கொண்டார். தியேட்டரில் இது நடக்குமா?

படம் நீளம் என்று சொல்லி, வெளிவந்த பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். அது வேண்டாத வேலை என்பது என் எண்ணம். இரண்டு உறவுக்காரர்கள் இரவு முழுதும் பேசுவதுதான் படம். அதைக் கடிகாரம் பார்த்து நறுக்கினால் எப்படி?

சொந்த வீடு

அடுத்தது "3 பி.எச்.கே." 2025 ஜூலையில் வந்தது. டைரக்டர் ஸ்ரீகணேஷ். அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையைத் தழுவிய படம். சரத்குமார், தேவயானி, சித்தார்த். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூன்று படுக்கை அறை கொண்ட சொந்த வீடு வாங்கத் துடிக்கும் குடும்பம். சேர்த்து வைத்த பணம் ஒவ்வொரு தடவையும் வேறு செலவுக்குப் போகிறது. ஒரு தடவை பையனின் படிப்பு, ஒரு தடவை வைத்தியம், ஒரு தடவை பெண்ணின் கல்யாணம்.

"மூணு ரூமா? அப்புறம் எந்த ரூமிலே யாரைத் தேடுறது?" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் சிரித்தது அதோடு நின்று விட்டது. கடைசி வரை வாய் பேசாமல் பார்த்தாள். டோம்பிவிலி வீட்டுக்கு முன்பணம் கட்ட, 1998-ல் அவள் கழற்றிக் கொடுத்த சங்கிலி அவள் ஞாபகத்துக்கு வந்து இருக்கும். எனக்கும் வந்தது. இருவரும் சொல்லிக் கொள்ளவில்லை.

படத்தில் குறை உண்டு. துன்பத்துக்கு மேல் துன்பமாக அடுக்கி விட்டார்கள். தேவயானிக்கு வேலை மிகவும் குறைவு. சம்பளக்காரர் வீட்டில் பணத்தை மிச்சம் பிடிப்பது யார்? பெண்கள்தானே? அதைக் காட்டாமல் தகப்பன், மகன் கதையாகவே கொண்டு போய் விட்டார்கள். இந்த விஷயத்தில் பாலு மகேந்திரா 1988-லேயே "வீடு" படத்தில் ஒரு பெண்ணை நடுவில் வைத்துக் கதை சொல்லி விட்டார். வேலைக்குப் போகும் ஒரு பெண் வீடு கட்டப் படும் பாட்டை அர்ச்சனா நடித்துக் காட்டியது போல இன்னொருவர் செய்து நான் பார்க்கவில்லை. இளைஞர்கள் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

"குடும்பஸ்தன்" (2025) வேறு ரகம். கோயம்புத்தூரில் வேலை இழந்த வாலிபர் அதை வீட்டில் மறைத்து, கடன் மேல் கடன் வாங்கிச் சமாளிக்கும் கதை. மணிகண்டன் கதாநாயகன். வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். அவருக்கு 1982 ஞாபகம். அந்த ஆண்டு ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. அண்ணாச்சி ஓர் ஆலையில் பதிலித் தொழிலாளி. ஊரில் இருந்து புதிதாக வந்து இருந்த மனைவிக்குத் தெரியக் கூடாது என்று, பல மாதம் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, கடற்கரையில் உட்கார்ந்து தின்று விட்டு மாலையில் திரும்பி இருக்கிறார். 40 வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம் இது. ஒரு சிரிப்புப் படம் அவர் வாயில் இருந்து அதை வரவழைத்தது.

"டூரிஸ்ட் ஃபேமிலி" (2025) படத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் இருந்து தப்பி, ராமேசுவரம் வழியாகச் சென்னை வந்து சேரும் ஒரு தமிழ்க் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் கணவன், மனைவி. "வாயைத் திறக்காதே, பேச்சிலே கண்டுபிடித்து விடுவார்கள்" என்கிற பயம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழும் தெருவை இந்தக் குடும்பம் ஒன்று சேர்க்கிறது. இவ்வளவு நல்லவர்களாக ஒரு தெருவே மாறுமா என்று கேட்டால், மாறாதுதான். ஆனால் வாயைத் திறந்தால் அயலான் என்று தெரிந்து விடும் என்ற பயம் நமக்குத் தெரியாததா? ரயிலில் தமிழ்ப் பேச்சைத் தாழ்த்திப் பேசிய காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்து இருக்க மாட்டார்கள்.

துப்பாக்கி இல்லாத பரோட்டா கடை

இந்த நான்கு படமும் நம்மைத் தொட்டது. ஆனால் நான்கில் ஒன்று கூட நம் ஊரில் நடக்கவில்லை. சரி, நம் ஊரில் நடக்கும் படமாகப் பார்ப்போம் என்று "வெந்து தணிந்தது காடு" (2022) போட்டோம். ஜெயமோகன் கதை, கவுதம் மேனன் டைரக்ஷன், சிம்பு நடிப்பு. தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருந்து மும்பைப் பரோட்டா கடைக்கு வேலைக்கு வருகிறார் கதாநாயகன். கடைப் பையன்கள் நெருக்கியடித்துப் படுத்துத் தூங்குவதைக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதோ, நம் கதை! அரை மணி நேரம்தான். பிறகு துப்பாக்கி வந்து விட்டது.

அண்ணாச்சி ஆலை வேலை போன பிறகு இட்லி வியாபாரத்தில் இறங்கியவர். தாராவியில் மாவு ஆட்டி, இட்லி அவித்து, சைக்கிளில் வைத்து ஹாரன் அடித்து விற்றவர். இன்று இரண்டு மகன்களும் அதே வியாபாரம். அவர் கேட்டார்: "தம்பி, நாப்பது வருசமா மாவு ஆட்டுதேன். எங்க கடையிலே அரிசி மூட்டை வருது, உளுந்து மூட்டை வருது. துப்பாக்கி மூட்டை மட்டும் ஏன் வர மாட்டேங்கு?"

சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் என் கேள்வி. தமிழ் சினிமாவில் மும்பைத் தமிழன் யார்? 1987-ல் "நாயகன்". வேலு நாயக்கர். 1995-ல் "பாட்ஷா". சென்னையில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்துக்குப் பம்பாயில் ஒரு பழைய கதை. என்ன கதை என்று சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் "தலைவா". 2018-ல் "காலா". எல்லாரும் பெரிய மனிதர்கள். கை அசைத்தால் தாராவி எழுந்து நிற்கும். "நாயகன்" பெரிய படம், அதில் சந்தேகம் இல்லை. "காலா" நிலத்துக்காகப் போராடும் மக்களைக் காட்டியது. அந்த நியாயமும் புரிகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தால்தான் மனம் கசக்கிறது.

விதிவிலக்கு இல்லையா? உண்டு. மணிரத்னத்தின் "பம்பாய்" (1995) படத்தில் கதாநாயகன் பத்திரிகையில் வேலை பார்ப்பவர். "துப்பாக்கி" (2012) படத்தில் இங்கே குடியிருக்கும் சாதாரணத் தமிழ்க் குடும்பம் வரும். ஆனால் கதாநாயகன் ராணுவ அதிகாரி. கலவரமோ வெடிகுண்டோ இல்லாமல் இந்த ஊருக்கு ஒரு தமிழ்ப் படம் வர மறுக்கிறது.

இது வெறும் சினிமாப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2019-ல் என் மகளுக்கு ஊர்ப்பக்கம் ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது. பையன் வீட்டுப் பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, "நீங்க முதல்லே தாராவியிலே இருந்தீங்களாமே? அங்கே ஆட்களோட பழக்கம் ஏதும்…?" என்று இழுத்தார். எந்த ஆட்கள் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. அவர் மும்பைக்கு வந்ததே இல்லை. அவர் பார்த்த மும்பை திரையில் பார்த்த மும்பைதான். 36 வருடம் ஒரே கம்பெனியில் பேரேடு எழுதி, ஒரு நாள் கூட சிவப்புக் கோடு விழாமல் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்குத் தாதாக்கள் பழக்கமா என்று கேட்டார் அந்த மனிதர். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. நல்லதுக்குத்தான் என்று வைத்துக் கொண்டேன். மகளுக்கு இங்கேயே நல்ல இடம் அமைந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

மலையாளத்து நர்சுகள்

குமாஸ்தா கதை எடுத்தால் படம் ஓடாது என்று சொல்லலாம். 1955-லேயே "முதல் தேதி" படத்தில் சிவாஜி கணேசன் பாங்கு குமாஸ்தாவாக நடித்தார். நம் ஊரிலேயே பாருங்கள். இந்தியில் பாசு சாட்டர்ஜி 1979-ல் "பாதோன் பாதோன் மே" எடுத்தார். காலையில் ஆபீசுக்குப் போகும் மின்சார ரயிலில் சந்திக்கும் ஒரு பையன், ஒரு பெண். பாந்திராவின் கிறிஸ்தவக் குடும்பங்கள். துப்பாக்கி இல்லை, சத்தம் இல்லை. இன்றைக்கும் பார்க்கலாம். "கரோண்டா" (1977) படத்தில் இரண்டு ஆபீஸ் ஊழியர்கள் இந்த ஊரில் ஒரு வீட்டுக்காகக் காசு சேர்த்து ஏமாறுகிறார்கள். "3 பி.எச்.கே."யில் நாம் பார்த்ததற்கு மூத்த அண்ணன் அது.

எல்லாவற்றையும் விட என்னை அசைத்தது பாயல் கபாடியாவின் "ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்". 2024-ல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி பரிசு வாங்கிய படம். அதையும் வீட்டில்தான் பார்த்தோம். மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்யும் இரண்டு மலையாள நர்சுகள், ஒரு மராத்திச் சமையல்காரப் பெண். மழை, ரயில், வாடகை அறை. ஜெர்மனிக்குப் போன கணவனிடம் இருந்து பேச்சு இல்லை. ஒரு நாள் ரைஸ் குக்கர் மட்டும் வந்து சேர்கிறது. அந்தச் சமையல்காரப் பெண்ணை, குடியிருந்ததற்குக் காகிதம் இல்லை என்று வீட்டை விட்டுக் கிளப்புகிறார்கள். படம் மெதுவாகத்தான் போகிறது. மகன் இரண்டு தடவை செல்போனை எடுத்தான். அண்ணாச்சி தூங்கியே விட்டார். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என் மனைவி, "இதுதான் நம்ம ஊர்" என்றாள். அவள் நம்ம ஊர் என்று மும்பையைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மலையாளி நர்சுக்கு ஒரு படம் கிடைத்து விட்டது. பாந்திராக் கிறிஸ்தவருக்கு எப்போதோ கிடைத்து விட்டது. தமிழ் இட்லிக்காரருக்கு? தோல் பதனிட வந்த தாத்தாக்களுக்கு? மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுத் தட்டச்சு அடித்துத் தங்கைகளைக் கரையேற்றிய பிரம்மச்சாரிகளுக்கு? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்க வைத்துப் பிள்ளைகளை என்ஜினீயர் ஆக்கிய வீட்டு வேலைக்காரத் தாய்மார்களுக்கு?

இதில் அவசரமும் இருக்கிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்னால் இருந்து குடியிருப்பதற்கு யாரிடம் காகிதம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதே இப்போது அங்கே பேச்சு. "நாயகன்", "காலா" இரண்டுக்கும் தாராவியைச் சென்னையில் செட் போட்டுத்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். நிஜத் தாராவியில் நிஜமான தமிழ்க் குடும்பத்தின் ஒரு நாளை எடுக்க வேண்டும் என்றால், சந்துகள் இருக்கும்போதே வர வேண்டும்.

நம் வாலிபர்களில் இன்று கையில் கேமரா இல்லாதவர் யார்? சென்னையில் இருந்து வந்து எடுப்பார்கள் என்று காத்திருக்கத் தேவை இல்லை. என் மகனிடம் இதைச் சொன்னேன். "யார் நடிப்பா?" என்றான். அண்ணாச்சியைக் காட்டினேன்.

அண்ணாச்சி சட்டைக் காலரைச் சரி செய்து கொண்டார். "எடுக்கதா இருந்தா காலைல நாலு மணிக்கு வரச் சொல்லு, தம்பி. எட்டு மணிக்கு வந்தா ஒண்ணும் இருக்காது. இட்லி எல்லாம் வித்துப் போயிரும்."

மகன் அலாரம் வைத்து இருக்கிறான். எழுந்திருப்பானா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியும்.